கழுவிய கை

சாயல்குடிப் பக்கத்து உப்பளத்தில் பதினொரு மணி வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. உப்பு வாரிய நான்கு பேரும் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். உப்பேறிய விரலால் புகையிலையைத் தொட்டு வைத்தால் உதடு எரியும். அதனால் தினமும் ஒருவன் மட்டும் நல்ல தண்ணீரில் கை கழுவி, புகையிலையைக் கசக்கி, மற்றவர்கள் உதட்டுக்குள் வைத்துவிட வேண்டும். இன்று மாரிச்செல்வத்தின் முறை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. கன்னத்துக்குள் படர்ந்திருக்கும் வெள்ளைத் திட்டைப் பார்த்து டாக்டர் எச்சரித்ததிலிருந்து, பத்தொன்பது நாளாக அவன் புகையிலையை வாயில் வைக்கவில்லை. இப்போது அது உள்ளங்கையில் சுண்ணாம்பு வாசத்தோடு கிடக்கிறது. கட்டைவிரல் பழைய பழக்கத்தில் தானாகவே கசக்குகிறது. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வாய் திறந்து வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு சிட்டிகை மிச்சமிருக்கிறது.

"ஏலே, ஒம் பங்கு கையிலயே இருக்கு," என்கிறார் மூவரில் மூத்தவரான காளிதாஸ்.

"வேணாம்ணே."

"ஒரு நா போட்டா செத்தா போயிருவ?"

மற்ற இருவரும் அவனையே பார்க்கிறார்கள். மாரிச்செல்வத்துக்கு நாக்கடியில் எச்சில் ஊறுகிறது. கை மெல்ல எழும்பி மோவாய் வரை வந்து நிற்கிறது. தூரத்தில் உப்பு லாரி ஹாரன் அடிக்கிறது, யாரும் திரும்பவில்லை. அவன் சட்டென்று குனிந்து, வரப்போரத்து வாய்க்காலின் உப்புநீரில் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை அமிழ்த்துகிறான். விரலிடுக்கு வெடிப்புகளில் உப்பு ஏறுகிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறான். புகையிலைத் துகள்கள் மேலே மிதந்து வருகின்றன. மற்றவர்கள் எழுந்து வேலைக்குத் திரும்பும்வரை அவன் கைகளை வெளியே எடுக்கவில்லை.