எண்பத்திரண்டு

"மூணு நாள். ஆறு ஷிஃப்ட். ஆறு கோடு. ஏம்ப்பா, எழுத சோம்பலா, இல்ல நம்பரே தெரியாதா?"

கப்பல் கம்பெனி ஆய்வாளர் வெப்பநிலைக் குறிப்பேட்டைத் திருப்பி, எஞ்சின்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலரின் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

ஆயிலர் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். விரல்கள் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

எஞ்சின் அறையை ஒட்டிய கண்ணாடி அறை. மூலையில் சீஃப் எஞ்சினியர் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டபடி, யார் வீட்டுக் கல்யாணமோ என்பதுபோல் நின்றிருந்தார்.

விஷயம் சின்னதில்லை. போன மாதம் துறைமுக வாசலில் கப்பல் முழுக்க இருண்டு போனது. குளிர்விக்கும் தண்ணீர் சூடேறி ஜெனரேட்டர் நின்றது. அது நின்றதும் பம்புகள் நின்றன. பம்புகள் நின்றதும் பெரிய எஞ்சினும் 'எனக்கென்ன' என்று நின்றுவிட்டது. பதினேழு நிமிஷம். கப்பலுக்கும் கல் சுவருக்கும் நடுவில் ஒரு பேருந்து போகிற இடம்தான் மிச்சம். கரையில் இருந்தவர்கள் விவரம் தெரியாமல் கையசைத்தார்களாம்.

பிரித்துப் பார்த்தால், தண்ணீரைக் குளிரவைக்கும் கூலருக்குள் சேறு. சேறு ஒரே நாளில் அடைக்காது; சூடு நாளுக்கு நாள் ஏறியிருக்கவேண்டும். ஆனால் குறிப்பேட்டில் கடைசி நாள் வரை எண்பத்திரண்டு டிகிரி, எண்பத்திரண்டு டிகிரி.

அதை விசாரிக்கத்தான் ஆய்வாளர் வந்திருந்தார். காலையில் படகில் வந்து, ஏணி ஏறி, கேப்டனோடு காபி குடித்து, பதினோரு மணிக்குள் நான்கு பக்கப் படிவத்தை நிரப்பிவிட்டார். சட்டைப்பையில் மூன்று பேனா. நீலம் எழுத. சிவப்பு திட்ட. பச்சை, தானே நேரில் பார்த்ததற்கு மட்டும்.

"மத்த ரெண்டு ஆயிலரும் ஒரு கட்டம் விடாம எழுதியிருக்காங்க சார். நான்தான் தினமும் கையெழுத்து போடறேன்" என்றார் பக்கத்தில் நின்ற மூன்றாம் எஞ்சினியர், கேட்காமலேயே.

"பாரு. அவங்களுக்கு வர்றது உனக்கு வராதா?"

ஆயிலர் சீஃபைப் பார்த்தார். சீஃப் கூரையைப் பார்த்தார்.

ஆய்வாளர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். இந்த மாதிரி ஆள்தான் கப்பலை இருட்டாக்குகிறான், இவனை இங்கேயே இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். ஆயிலர் பன்னிரண்டு வருஷம் எண்ணெயில் ஊறிய மனிதர். இந்தப் பயணம் முடிந்தால் பதவி உயர்ந்து ஃபிட்டர் ஆகவேண்டியவர். வீட்டில் அதற்குள் ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"ஒரு நிமிஷம் சார்."

சீஃப் ஒரு கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தார். கட்டைவிரல் கனத்தில் ஒரு பித்தளைத் தெர்மாமீட்டர். மேசைமேல் வைத்தார்.

"ரெண்டாம் ஜெனரேட்டரோடது. மூணு நாள் முன்னாடி நானே கழட்டினேன். அலாரத்தைத் தொடலை, இதை மட்டும்தான். அன்னையிலிருந்து இது என் பாக்கெட்லதான் இருக்கு."

மூன்றாம் எஞ்சினியர் குறிப்பேட்டைப் பார்த்தார். ஆறு கோடுகளுக்கு நடுவே பன்னிரண்டு எண்பத்திரண்டு.

"எப்பவும் எண்பத்திரண்டுதானே சார் இருக்கும்..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

"ஒருத்தர்தான் எங்கிட்ட வந்து கேட்டார்" என்றார் சீஃப். "தெர்மாமீட்டரைக் காணோம், என்ன எழுதட்டும்னு. கண்ணால பார்த்ததை எழுதுங்க, வெளிய சொல்லாதீங்கன்னேன். பார்க்க ஒண்ணுமில்ல. கோடு போட்டார். வேலையே போற நிலைமையிலயும் வாயைத் திறக்கலை."

ஆய்வாளரின் முகம் அவருடைய சிவப்புப் பேனாவின் நிறத்துக்கு வந்தது. முதலில் ஆயிலரிடம் தப்பா நினைச்சுக்காதே என்றார். பிறகு மூன்றாம் எஞ்சினியர் பக்கம் திரும்பினார்.

"பார்க்காம எழுதறவன்தான் ஒருநாள் கப்பலை மூழ்கடிப்பான். அவன் எவனா இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, இன்னைக்கே இறக்கிடணும். நானே எழுதித் தரேன்."

மூன்றாம் எஞ்சினியருக்கு வியர்த்துவிட்டது.

சீஃப், மேசைமேல் இருந்த நான்கு பக்கப் படிவத்தைப் புரட்டி ஆய்வாளர் பக்கம் மெதுவாகத் திருப்பினார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே தெர்மாமீட்டரை அடிக்கோடு மாதிரி வைத்தார்.

'இரண்டாம் ஜெனரேட்டர், தண்ணீர் தெர்மாமீட்டர்: நன்றாக இயங்குகிறது. 82.'

இன்றைய தேதி. பச்சை மை.

"ஏணியை இறக்கச் சொல்லட்டுமா சார்?" என்றார் சீஃப்.