பள்ளத்தில் மஞ்சள் துண்டு

பாஸ்படேஸ் என்கிற நொதியைப் பச்சை நிறக் களிமண்ணில் செய்து கொடுத்தவள், மாணவி அஸ்ஃபியா. மற்றப் புரதங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைப் பிய்த்தெடுப்பது அந்த நொதியின் வேலை. அதன் பள்ளத்தை அடைத்துக்கொண்டு அதைக் கட்டுப்படுத்தும் புரதம், விரல் நீள மஞ்சள் துண்டு. அதில் அவளுடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே, பிளேடு கிழித்த தழும்பும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கருத்தரங்கில் "யாரு செஞ்சது?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்று சொல்லிவிட்டாள், ராஜபாளையம் கல்லூரி விரிவுரையாளர் ஹெப்சிபா. இரண்டாம் வரிசையில் அஸ்ஃபியா தலைகுனிந்துகொண்டாள்.

அதன்பிறகு அந்தத் தழும்பைக் கண்டாலே ஹெப்சிபாவுக்குக் கூசியது. துண்டைப் பிடுங்கி டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். அது விலகினால் நொதி வேலையைத் தொடங்கிவிடும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

மறுநாள் காலையில் ஆய்வகத்தில் அந்த நொதியின் பள்ளத்தில் இன்னொரு மஞ்சள் துண்டு இருந்தது. அதையும் கொண்டுபோனாள். ஒரு வாரத்தில் வீட்டில் ஆறு சேர்ந்துவிட்டன. ஏழாவது பள்ளத்தில் இருந்தது. அஸ்ஃபியா செய்ததோ ஒன்றே ஒன்று. ஏழிலும் அதே ரேகை, அதே தழும்பு.

ஆய்வகத்தில் அஸ்ஃபியா தனியாக இருந்தபோது ஹெப்சிபா போய் நின்றாள்.

"அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்மா. அது நீ செஞ்சது. எல்லாரு முன்னாடியும் சொல்லிடுதேன்."

"இல்ல மிஸ், அது நீங்க செஞ்சதுதான்." அவள் குரலில் குத்தல் இல்லை. கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். தழும்பே இல்லை, வழவழவென்று இருந்தது.

காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த தன் கட்டைவிரலை ஹெப்சிபா மெல்ல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.