பொடுகு போன தலை

அவர் தலையில் பொடுகு இல்லை.

பழைய பல் பிரஷ்ஷைக் கொட்டாங்கச்சியில் இருந்த சாயத்தில் தோய்த்து, சீப்பால் வகிடு எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். போன முறை வந்தபோது தோலெல்லாம் மாவு தூவியது போல இருந்த தலை. நீல டெரிலின் சட்டையின் தோளைத் தட்டிக்கொண்டேதான் பேசுவார். இன்று கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது.

பொடுகை எடுப்பது பெரிய வித்தை இல்லை. சாயம் போட்ட தலையில் எடுப்பதுதான் வித்தை. ஆடி மாதம் நானும் எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்துப் பார்த்தேன். பொடுகு பாதி போனது, சாயம் முக்கால்வாசி போனது. கழுத்து வழியே பழுப்புத் தண்ணீர் வடிந்து, முடி துருப்பிடித்த ஆணியின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"இதுக்கு பொடுகே தேவல, வுட்டுடு" என்றார். விட்டுவிட்டேன்.

இப்போது பொடுகும் இல்லை, அடியில் புதிதாக முளைத்த வெள்ளையைத் தவிர சாயமும் அப்படியே இருக்கிறது.

குனிந்து முகர்ந்தேன். வெந்தய வாசனை. காதுக்குப் பின்னால், அரைத்த விழுது ஒரு பொட்டளவு காய்ந்து ஒட்டியிருந்தது. முடியில் எங்கும் இல்லை. அப்படியென்றால் யாரோ ஒருத்தி வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் படாமல், தோலில் மட்டும் விரல் நுனியால் தடவியிருக்கிறாள். சீயக்காய் போடாமல் வடிகஞ்சி விட்டு அலசியிருக்கிறாள். அரை மணி நேர வேலை. அரை மணி நேரம் இந்தத் தலை அவள் முழங்காலில் சாய்ந்து கிடந்திருக்கிறது.

அதைவிட மோசம், இது சாயம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஊருக்கெல்லாம் சிவப்பிரகாசத்தின் முடி பரம்பரைக் கறுப்பு. "எங்க நைனாவுக்கு எழுவது வயசுலயும் ஒரு முடி வெளுக்கல" என்று முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை, சவுக்குத் தோப்பு குத்தகைக்கு எடுக்கப் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நிஜம் தெரிந்தது அவருக்கும் எனக்கும்தான். மூர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சாயப்பொடி வாங்கி வருவது நான். கலக்குவது நான். திருவிடந்தைக் கோயில் வாசலில் பூ கட்டும்போது என் விரல் நுனிக் கறுப்பைப் பார்த்து யாராவது கேட்டால், பாத்திரம் தேய்த்த கரி என்று பொய் சொல்வதும் நான்.

அவருடைய வேறு எதிலும் நான் பங்கு கேட்டதில்லை. இந்தத் தலை மட்டும் என்னுடையது என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேளம்பாக்கத்துச் சாப்பாட்டுக் கடைச் செல்லம்மாவாகத்தான் இருக்க வேண்டும். அவள் வைக்கிற வஞ்சிரக் குழம்பைப் பற்றி என்னிடமே மூன்று தரம் பேசியிருக்கிறார். ஒரு ஆம்பிளை ஒரே குழம்பைப் பற்றி மூன்று தரம் பேசினால் அது குழம்பைப் பற்றிய பேச்சு இல்லை.

வலது காதோரத்தில் பிரஷ்ஷை வைத்து அழுத்தி இழுத்தேன்.

"மெதுவா, வச்சலா" என்றார்.

"பொடுகு எடுத்து வுட்டவ மட்டும் மெதுவா எடுத்தாளாக்கும். யாரு, செல்லம்மாவா?"

அவர் சிரித்தார்.

"அவ எதுக்கு எடுக்கறா? படாளத்து ஊட்டுல ஆதி தேச்சி வுட்டா."

என் கை நின்றுவிட்டது.

ஆதியம்மாள் அவர் தாலி கட்டிய மனைவி. யார் யாரையோ நினைத்த நான் அவளை மட்டும் நினைக்கவே இல்லை. அவள் அவர் முகத்தை ஏறெடுத்துப் பார்த்தே வருஷக்கணக்காகிறது, அவளுக்குச் சாயமும் தெரியாது, என்னையும் தெரியாது என்று அவர் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எல்லாம் தெரிஞ்சிதான் கீது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பத்துலேர்ந்துன்னு கேக்க எனக்கே பயமா இருந்திச்சி. உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா."

வசவைத்தான் எதிர்பார்த்தேன். வசவாக இருந்தால் திருப்பிக் கொடுக்க என்னிடமும் நாலு வார்த்தை இருந்தது.

"காதோரம் ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளைய வுட்டுடணுமாம். வர்ற வெள்ளிக்கெயம எங்க பெரிய மவள பொண்ணு பாக்க வர்றாங்க. பாக்கறவங்களுக்கு அப்பன் அப்பனாட்டம் தெரியணுமாம்."



வலது காதோரம் ஏற்கெனவே கறுத்திருந்தது. சாயம் பிடிப்பதற்குள், துண்டின் நுனியை நனைத்து, தோல் சிவக்காமல் மெதுவாகத் துடைத்து எடுத்தேன்.

இடது காதோரத்தைத் தொடவே இல்லை.