தலைக்கு வைத்த கோட்டு

இந்தக் காலத்தில் எவனும் ஒரு பொருளை அதன்பாட்டுக்கு விட்டுவைப்பதில்லை. பாட்டிலைக் கண்டால் அறுத்துச் செடி வைக்கிறான். டயரைக் கண்டால் பெயிண்ட் அடித்து நாற்காலி என்கிறான். கோட்டைக் கண்டால்?

கோட்டைக் கண்டால் கரித்துணி தைக்கிறாள் மருமகள்.

கிழவர் தையல் மிஷின் பக்கத்தில் நின்று, மேஜையில் பரப்பிக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சூடான பாத்திரம் இறக்க, பஞ்சு வைத்துத் தைத்த இரண்டு கரித்துணி. சாவி போட ஒரு குட்டிப் பை. ஊசி குத்தி வைக்கப் பூசணிக்காய் மாதிரி ஓர் உருண்டை. கையகலத் துண்டுத் துணியை வைத்து வீட்டிலேயே என்னென்ன தைக்கலாம் என்று போனில் எவளோ சொல்லித் தருகிறாளாம்.

பூப்போட்ட துணி, கட்டம் போட்ட துணி. நடுநடுவே எல்லாவற்றிலும் அந்தக் கருநீலம்.

அவருடைய கோட்டு. ஃபேக்டரி வாசலில் காவல் இருந்தபோது கம்பெனி கொடுத்தது. வேலையை விட்ட பிறகும் அவர் கோட்டை விடவில்லை. தெருவே அவரைக் கோட்டுத் தாத்தா என்றுதான் கூப்பிட்டது.

நெஞ்சு வலி என்று அவரை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போன அவசரத்தில் கோட்டு வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்று காலை திரும்பி வந்து பார்த்தால், ஆணி மட்டும் இருக்கிறது.

“தண்ணியில போட்டதும் கை தனியா, கழுத்து தனியா வந்துடுச்சு மாமா. நல்லா இருந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன்” என்றாள், மிஷினை நிறுத்தாமல்.

நல்ல கதை.

கோட்டின் நெஞ்சுப் பையில் இருந்தது என்னவென்று அவருக்குத்தான் தெரியும். அவர் பெண்டாட்டியின் ஒற்றைத் தோடு. உள்ளே போட்டு, பையின் வாயைக் கறுப்பு நூலால் அவரே தைத்து மூடியிருந்தார்.

ஒற்றை ஏன்? அதுதானே விஷயம்.

பெண்டாட்டி கண்ணை மூடிய அன்று நர்ஸ் கழற்றிக் கொடுத்தது ஜோடியாகத்தான். கோட்டின் பக்கவாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் கையை விட்டுப் பார்த்தபோது ஒன்றுதான் இருந்தது. நடுவில் அந்தக் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டியவள் யார்? இவள்.

வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் மகன் வீடு இரண்டாகிவிடும். ஆனால் அன்றிலிருந்து இவள் அறைக்குள் வந்தாலே அவர் கை தானாகக் கோட்டைத் தேடும். ராத்திரி நெஞ்சுப் பை நடுவில் போகும்படி சுருட்டித் தலைக்கு வைத்துத்தான் படுப்பார். வேளைக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். அது வேறு. இது வேறு.

இப்போது மிச்சமிருந்த ஒன்றும் போச்சு.

எப்படிக் கேட்பது? எங்கே என்றால், எது என்பாள். தோடு என்றால், என்னை நம்பாமல்தான் தைத்து வைத்தீர்களா என்பாள்.

கரித்துணியை எடுத்து அமுக்கினார். மெத்தென்று இருந்தது. சாவிப் பையை உதறினார். ஒன்றும் விழவில்லை. பூசணிக்காயைப் பிதுக்கினார். சுருக்கென்று விரலில் ஏறியது.

“ஐயோ மாமா, அது ஊசி குத்தி வைக்கிறது. உங்களுது இது.”

மிஷின் இழுப்பறையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

முன்பக்கம் முழுக்க அந்த நெஞ்சுப் பை. மேலே கத்தரி படாமல் சுற்றி வெட்டி எடுத்திருந்தாள். கோணல்மாணலாக அவர் போட்ட கறுப்புத் தையல் ஓர் இழைகூடப் பிரியவில்லை. பின்பக்கம் பூப்போட்ட துணி. மேலே ஒரு ஜிப்.

அமுக்கினார். தையலுக்குள்ளே பட்டாணி மாதிரி ஒன்று விரலில் தட்டியது.

மூச்சு வந்தது. சந்தேகம் போகவில்லை. ஜிப்பை இழுத்துக் கூட்டைக் கவிழ்த்தார்.

உள்ளங்கையில் ஒரு தோடு விழுந்தது.

கல்லைப் பார்த்தார். திருகாணியைப் பார்த்தார். மரை தேய்ந்து கழன்று விழுகிறது என்று பெண்டாட்டி சுற்றி வைத்திருந்த பச்சை நூல்கூட அப்படியே இருந்தது. கூட்டை மறுபடி அமுக்கினார். உள்ளே இருந்தது உள்ளேதான் இருந்தது.

ஆக, இரண்டு.

“கோட்டோட அடி மடிப்புல, லைனிங்குக்குள்ள கிடந்துச்சு” என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. “சைடு பாக்கெட்டுல ஓட்டை மாமா. அதுக்கு ஒட்டுப் போட்டு அடைச்சது யாரு, நானா?”

ஒட்டுப் போட்டது அவர்தான். தோடு தொலைந்த மறுநாளே, இத்தனூண்டு ஓட்டையில் தோடா விழும் என்று சொல்லிக்கொண்டே, இனி சில்லறைகூட விழக் கூடாது என்று. அதற்குப் பிறகு கோட்டை யார் கையிலும் கொடுத்ததில்லை, துவைக்கக்கூட.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த துண்டை ஊசிக்குக் கீழே வைத்தாள்.

கிழவர் தோட்டைக் கூட்டுக்குள் போட்டு ஜிப்பை மூடினார். மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

“இத்தனை வருஷம் அதுக்குள்ளயே கிடந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா? யார்கிட்ட கதை விடுற?”

மிஷின் ஓடியது.

அவர் தன் அறையைப் பார்த்து நடந்தார். நடந்துகொண்டே காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டார். ராத்திரி ராத்திரி ஏதோ ஒன்று குத்திக் குத்திக் காய்த்துப்போன இடம். கோட்டுப் பொத்தான் என்றுதான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோட்டில் பொத்தானெல்லாம் உதிர்ந்து வருஷக்கணக்காகிறது.