சன்னலில் நுழைந்த பெருச்சாளி

காட்டில் எலி வளைக்குக்கூட வரி உண்டு. ஒரு பெருச்சாளியிடம் தவறுதலாக ஒரு மூட்டை நெல்லைக் கூடுதலாக வாங்கிவிட்டார்கள். அதன் மழைக்காலச் சாப்பாடே அதுதான். பதறிப்போய் வரி அலுவலகத்துக்கு ஓடியது. அங்கிருந்த சின்னச் சன்னலில் அதன் மூக்கு மட்டும்தான் நுழைந்தது.

"ஐயா, என் நெல்லு திரும்பக் கிடைச்சிடுமா?"

உள்ளே இருந்த ஓணான் அதிகாரி தலையை ஆட்டினார். பெருச்சாளிக்குப் பரம திருப்தி. ஓணான் சும்மா இருக்கும்போதும் தலையாட்டும் என்பது அதற்குத் தோன்றவே இல்லை.

மழை வந்தது, போனது. நெல் வரவில்லை. போய்க் கேட்டபோதெல்லாம் அதே தலையாட்டல்தான். கொழுகொழுவென்றிருந்த பெருச்சாளி பட்டினியில் வற்றி, எலும்பும் வாலுமாக ஆகிவிட்டது.

ஒருநாள் கோபம் தலைக்கேறி, சன்னல் வழியாக முழுசாக உள்ளே குதித்து மேசைமேல் ஏறி நின்றது. "இன்னைக்கு நெல்லோடதான் போவேன், ஆமா!"

ஓணான் முதன்முறையாகத் தலையாட்டுவதை நிறுத்தினார். ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தச் சன்னல்ல பெருச்சாளி நுழைய முடியாதேப்பா. நீ சுண்டெலி. அது சரி, சுண்டெலி வரியை ஏன் இன்னும் கட்டல?"