மாமியார் வீட்டுப் பால்

“உங்க மாமியார் வீட்டுப் பாலா இருந்தா இப்படிக் குழியில கொட்டுவீங்களா?”

தன் கேன் பால் குழிக்குப் போன ஆத்திரத்தில் ஒத்தமாட்டுக்காரி கேட்ட கேள்வியில் பால் சொசைட்டியே கொல்லென்று சிரித்தது. பாலைச் சோதிக்கும் டெஸ்டருக்கு முகம் தொங்கிப்போனது.

அவர்தான் பாவம் என்ன செய்வார்? மடிநோய் வந்த மாட்டுக்கு ஊசி போட்டால் அஞ்சு நாளைக்குப் பால் ஊத்தக் கூடாது. மருந்து பாலில் இறங்கும். அதைக் குடித்துக் குடித்தே வளர்ந்தால் நாளைக்கு ஒரு நோய் வரும்போது எந்த மருந்தும் கேட்காது. இது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்? ‘நம்ம ஒரு கேன் பாலில் என்ன ஆகிவிடப் போகிறது’ என்று ஆளாளுக்கு ஊத்தினார்கள்.

போன வாரம் இங்கிருந்து போன ஒரு லாரிப் பாலையும், மருந்து கலந்திருக்கிறதென்று பெரிய பால் பண்ணையில் அப்படியே கொட்டிவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் இங்கே லாரியே வராது என்று கறாராகச் சொல்லியும் விட்டார்கள். லாரி நின்றால் நூத்தியிருபது வீட்டில் அடுப்பு எரியாது.

அதனால்தான் ஒவ்வொரு கேனிலும் மருந்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன். பட்டையில் இரண்டு கோடு வந்தால் நல்ல பால். ஒரே கோடு வந்தால் குழிதான்.

வரிசையில் ஐந்தாவதாக அவருடைய மாமியார் நின்றிருந்தார். அவர் கேனில் பட்டையை விட்டதும் பளிச்சென்று இரண்டு கோடு வந்தது.

“வராம இருக்குமா?” என்றார் பின்னால் நின்ற மீசைக்காரர். “மாப்பிள்ளை கை பட்டா எல்லாப் பாலும் நல்ல பால்தான்! இந்த ஆளை மாத்தச் சொல்லி நாளைக்கே எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்.”

மறுபடியும் சிரிப்பு. மாமியார் சிரித்தவர்கள் முகத்தையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாமியார்தான் முதல் ஆளாக வந்து நின்றார். டெஸ்டர் பட்டையை நனைத்தார். ஒரே கோடு.

இன்னொரு பட்டையை எடுத்து நனைத்தார். அதிலும் ஒரே கோடுதான்.

“அத்தை... மாட்டுக்கு ஊசி போட்டீங்களா?”

“ஒரே ஒரு ஊசிதானே மாப்பிள்ளை! பன்னெண்டு லிட்டர்ல அது எந்த மூலைக்கு? நம்ம வீட்டுப் பால்தானே, கண்டும் காணாம விடுங்க.”

அதையாவது மெதுவாகச் சொன்னாரா? வரிசையில் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. அத்தனை பேரும் டெஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் கையில் மனு எழுதின காகிதம் தயாராக இருந்தது.

டெஸ்டர் பட்டையைக் கீழே போட்டார். கேனைத் தூக்கினார். குழியில் கவிழ்த்தார்.

“அடப்பாவி மனுஷா!” மாமியார் ஆரம்பித்தார். “இவருக்கா என் பொண்ணைக் குடுத்தேன்? கிளியை வளர்த்துப் பூனை கையில குடுத்த கதையாப் போச்சே! மாப்பிள்ளையாச்சேன்னு மரியாதையாப் பேசறேன், இல்லேன்னா வாயில வேற வந்திருக்கும்!”

காலிக் கேனை ஆட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார்.

மீசைக்காரர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“பெத்த பொண்ணைக் குடுத்தவங்களுக்கே இந்தக் கதின்னா...” என்று முணுமுணுத்தபடி தன் கேனை வரிசையிலிருந்து வெளியே எடுத்தார். “என் செவலைக்கு முந்தாநாள்தான் ஊசி போட்டேன். நான் வீட்டுக்குப் போறேன்பா.”

அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு கேன் சத்தமில்லாமல் வீடு திரும்பியது. மதியம் பெரிய பண்ணையிலிருந்து போன் வந்தது. பால் சுத்தம், லாரி நாளைக்கும் வரும்.

ஆனால் வீட்டில்தான் சாப்பாட்டுத் தட்டு ‘நங்’கென்று வந்து விழுந்தது.

“எங்கம்மாவை ஊர் முன்னாடி அவமானப்படுத்திட்டீங்கல்ல? இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் அந்த வாசலை மிதிப்பேன்?” மனைவி அழுதே விட்டாள்.

டெஸ்டர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். ஒரு பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார். கையோடு மாட்டையும் சோதித்து, எத்தனை நாள் பொறுக்கணும் என்று சொல்லிவிட்டு, காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடலாம் என்ற முடிவோடுதான் போனார்.

“வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?” என்றார் மாமியார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

கொட்டகைக்குப் போய், மாட்டிடம் கொஞ்சம் பாலைப் பீய்ச்சிப் பட்டையை நனைத்தார்.

இரண்டு கோடு!

“அத்தை, இந்த மாட்டுக்கு ஊசியே போடலையே! காலையில எப்படி ஒரே கோடு வந்துச்சு?”

“இதுக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கு.” மாமியார் மாட்டைத் தட்டிக்கொடுத்தார். “ஒத்தமாட்டுக்காரிகிட்ட ‘பூனைக்கு வேணும்’னு சொல்லி அரை டம்ளர் மருந்துப் பால் வாங்கினேன். நான்தான் கேன்ல கலந்தேன்.”

“ஐயையோ! நான் உங்களுக்குப் பயந்து அதை லாரியில ஏத்தியிருந்தா?”

“ஏத்த விட்டிருப்பேனா? அதுக்கு முன்னாடி நானே கேனை எட்டி உதைச்சிருப்பேன்.” சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “நாலு பேர் நல்லதுக்குப் பாடுபடற மனுஷனை, அந்த நாலு பேரே திருடனாட்டம் நிக்க வெச்சுச் சிரிச்சாங்க. அதைப் பார்த்துக்கிட்டு, என் பால் மட்டும் சுத்தம்னு நான் வீட்டுக்கு வர முடியுமா மாப்பிள்ளை?”