வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கடிதம்

அச்சுக்கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். அதற்குக் கீழே குனிந்து ஒருவர் உள்ளே வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப், வீங்கிய கால்கள். வாசலில் இருந்த மூன்று படி ஏறியதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“ஆஸ்பத்திரி லெட்டர் ஒண்ணு வேணும். ஹார்ட் ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்னு டாக்டர் எழுதிக் குடுத்த மாதிரி. உதவி நிதி ஆபீஸ்ல குடுக்கணும்.”

கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ரப்பர் ஸ்டாம்ப் என்று கடை போர்டில் எழுதியிருந்தது. போர்டில் எழுதாத தொழிலும் ஒன்று உண்டு. போன வருஷம் மட்டும் எட்டுப் பேருக்கு இல்லாத நோயை வரவழைத்துக் கொடுத்திருந்தார். எட்டுப் பேரும் அதே உதவி நிதியில் பணம் வாங்கிவிட்டார்கள். ஒருவருக்கும் ஜலதோஷம்கூட வரவில்லை.

“யார் அனுப்பினாங்க?”

“யாரும் அனுப்பல. நிதி ஆபீஸ்ல மேலதிகாரிதான், லெட்டர் எப்படி இருக்கணும்னு சொன்னாரு.”

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். ஆபீஸுக்குள்ளேயே ஆள் வைத்திருக்கிறான், கைதேர்ந்தவன்தான். எழுந்துபோய் ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு வந்தார்.

“சரி, என் கடை எப்படித் தெரியும்?”

“நான் தையல்காரன். கல்யாணத் துணி தைக்கக் குடுக்கறவங்க பத்திரிகையும் வெச்சுட்டுப் போவாங்க. உங்க கடையில அடிச்சதுன்னா பார்த்ததுமே தெரிஞ்சுடும். எங்கயாவது ஒரு சின்னப் புள்ளி இருக்கும்.”

கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. எந்த வேலை செய்தாலும், ஓரத்துப் பூவிலோ முத்திரையிலோ ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இருபது வருஷத்தில் அதைக் கண்டுபிடித்த முதல் ஆள் இவர்தான்.

“நல்ல கண்ணு உங்களுக்கு. உட்காருங்கண்ணே. நோய் என்ன போடலாம்?”

“வால்வு. இடது பக்கம். ஆபரேஷன் வர்ற வெள்ளிக்கிழமை. செலவு நாலு லட்சத்து எண்பத்தி மூணாயிரம்.”

“அஞ்சரைன்னு போடுவோம். கேக்கறதே கேக்கறோம்.”

“வேண்டாம். எண்பத்தி மூணுதான்.”

முழுத் தொகை என்றால் சந்தேகப்படுவார்கள், சில்லறையோடு இருந்தால் நம்பிவிடுவார்கள். கடைக்காரர் மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டார். ‘உயிருக்கு ஆபத்து’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். தையல்காரர் அதற்கும் சம்மதிக்கவில்லை.

“‘தாமதிக்கக் கூடாது’ன்னு மட்டும் போடுங்க. அது போதும்.”

“தப்பா நினைக்காதீங்கண்ணே. நடிப்பு பிரமாதம். அந்த இஞ்ச் டேப்பு, மூச்சு வாங்கறது, எல்லாம் பொருந்துது. காலை எப்படி இவ்வளவு வீங்க வெச்சீங்க?”

“ஒண்ணும் பண்ணல. தானா வீங்கிச்சு.”

“சரி சரி, தொழில் ரகசியம். சொல்ல வேண்டாம்.”

கூலியாக வழக்கத்தைவிட மூன்று மடங்கு கேட்டார். தையல்காரர் பேரம் பேசாமல் நோட்டுகளை எண்ணி வைத்தார்.

“தையல் மிஷினை வித்துட்டேன்.”

“முதல் போட்டாத்தானே தொழில்,” என்றபடி கடைக்காரர் பணத்தை டிராயருக்குள் தள்ளினார்.

சாப்பாட்டு டப்பாவை அவர் திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரியின் பெயர், டாக்டரின் கையெழுத்து, வட்ட முத்திரை என்று ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். முத்திரையில் இருந்த நட்சத்திரத்தின் நடுவே வழக்கமான புள்ளியையும் வைத்தார். பிரிண்டர் கடிதத்தைத் துப்பியது. பார்க்கக் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது.

தையல்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிழைத்துவிடுவோம் என்கிற சந்தோஷம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. “இதை நம்பிடுவாங்க,” என்றார்.

கடிதம் கைக்கு வந்த பிறகும் நடிக்கிறானே என்று கடைக்காரர் வியந்தார்.

“எதுக்கும் கேட்டு வெக்கறேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ்லேர்ந்து யாராவது ஆஸ்பத்திரிக்கே நேர்ல வந்து பார்த்தா?”

“பார்க்கட்டும். அங்கதான் படுத்திருப்பேன்.”

கடைக்காரர் சிரித்தார். தையல்காரர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கிய காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

அதே ஆஸ்பத்திரி, அதே வால்வு, அதே வெள்ளிக்கிழமை, அதே எண்பத்தி மூணாயிரம். கோழி கிளறின மாதிரி டாக்டரின் எழுத்து. முத்திரை பாதிதான் விழுந்திருந்தது. தேதியைப் பேனாவால் திருத்தியிருந்தார்கள். அதற்குமேல் சிவப்பு மையில் ‘போலி’ என்று மூன்று இடத்தில் குத்தியிருந்தது.

“இதான் டாக்டர் குடுத்தது. மூணு தடவை கொண்டுபோனேன், மூணு தடவையும் குத்தி அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரில வேற லெட்டர் கேட்டா, ஒரு நோயாளிக்கு ஒரு லெட்டர்தான்னு சொல்லிட்டாங்க.”

கடைக்காரரின் கை டிராயர் கைப்பிடிக்குப் போய் அங்கேயே நின்றது.

“அண்ணே, அந்த மேலதிகாரி உங்க ஆளுன்னு இல்ல நினைச்சேன்?”

“எனக்கு ஏதுங்க ஆளு. ‘அசல்னா இப்படி இருக்கணும்யா, பார்த்துக்கோ’ன்னு ஃபைல்லேர்ந்து ஒரு லெட்டரை எடுத்துக் காட்டினாரு,” என்றார் தையல்காரர், புதுக் கடிதத்தைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தபடி.

“அதோட முத்திரையில உங்க புள்ளி இருந்துச்சு.”